கடல் திருப்பித் தந்த நற்செய்தி

ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், பீடப்பணியாளனான சிறுவன் ஒருவன் என்னருகே வந்து நின்றான். "சுவாமி, நற்செய்தி வாசிச்சு முடிஞ்ச உடனை ஏன் அந்தப் புத்தகத்தைக் கொஞ்சுறனீங்கள்?" என்று கேட்டான். "அது ஆண்டவருடைய வார்த்தை அல்லவா? அதனாலேதான்" என்றேன். அவன் அத்துடன் விடவில்லை. "வார்த்தை காதாலை கேக்கிறது. புத்தகம் வெறும் கடதாசிதானே, சுவாமி?"

குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் கற்றவனுக்கு அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு உடனே விடை வரவில்லை. "அடுத்த கிழமை சொல்லுறன்" என்று தலையைத் தடவி அனுப்பிவைத்தேன். அவனுக்குச் சொல்ல எண்ணியதையே இவ்வாரம் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஒளியேற்றப்பட்ட ஏடுகள்

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்டு முடிக்கும்வரை, ஐரோப்பாவில் ஒவ்வொரு விவிலியமும் மனிதக் கையால் எழுத்தெழுத்தாக எழுதப்பட்டது. அவற்றுள் சிறந்தவை பொன்னாலும் வண்ணங்களாலும் அணிசெய்யப்பட்டன. இவ்வாறு அணிசெய்வதை இலத்தீன் மொழியில் "ஒளியேற்றுதல்" என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். மெழுகுதிரியின் வெளிச்சத்தில் ஏட்டைப் புரட்டும்போது பொன்தகடு பட்ட எழுத்துகள் சுடர்விட்டு மின்னும். இருண்ட ஆலயத்தில் இறைவார்த்தையிலிருந்தே ஒளி புறப்படுவதுபோல் அது தோன்றும்.

இத்தகைய ஏடுகளுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரியில் பேணப்படும் "கெல்ஸ் ஏடு". ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் உருவான அதில் 340 தாள்கள் எஞ்சியுள்ளன. மற்றையது அதற்கும் முற்பட்ட "லிண்டிஸ்பார்ண் நற்செய்தி ஏடு". இது இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. இவ்விரண்டாவது ஏட்டின் வரலாறு ஒரு திருத்தூதரின் பயணத்தைப் போன்றது. ஆகவே அதனையே இங்கு விரித்துரைப்போம்.

ஒரு தீவும் ஓர் ஆயரும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில் லிண்டிஸ்பார்ண் என்னும் சிறு தீவு உள்ளது. வற்றுப்பெருக்கின்போது நாளுக்கு இருமுறை கடல் அதனைக் கரையிலிருந்து பிரித்தும் இணைத்தும் வைக்கும். அயோனாத் தீவிலிருந்து வந்த புனித எய்டன் 635ஆம் ஆண்டில் அங்கே துறவுமடம் ஒன்றை நிறுவினார். பின்னர் அம்மடத்தின் ஆயராக விளங்கிய புனித கத்பேட் 687இல் இறைவனடி சேர்ந்தார். பதினொரு ஆண்டுகளின் பின், 698இல், அவருடைய கல்லறை திறக்கப்பட்டபோது உடல் அழிவுறாமல் இருந்ததாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. அவரை வணங்க மக்கள் திரண்டு வந்தனர்.

இறைவனுக்கும் புனித கத்பேட்டுக்கும் அத்தீவில் திருப்பண்டங்களாக இருந்த புனிதர் அனைவருக்கும் காணிக்கையாக நற்செய்தி ஏடொன்றை எழுதியவர் எட்பிரித். இவர் 698 முதல் 721 வரை அத்தீவின் ஆயராக இருந்தவர். ஓர் ஆயர் மறைமாவட்டத்தை ஆளும் பொறுப்பைச் சுமந்துகொண்டே மேசையின் முன் குனிந்திருந்து நான்கு நற்செய்திகளையும் தம் கையாலேயே எழுதி, தாமே வண்ணமும் தீட்டினார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பெரும்பான்மையான ஏடுகளில் எழுதுவோர் சிலர், தீட்டுவோர் வேறு சிலர். இந்த ஏடோ ஒரே கையின் உழைப்பு. அதனை முடிக்கப் பத்தாண்டுகள்வரை சென்றிருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கணிப்பு. அணிகளில் சில சிறு பகுதிகள் நிறைவுறாமலே நிற்கின்றன. ஆயரின் மரணம் இடையே குறுக்கிட்டதோ என்று கருதுவோரும் உளர்.

தோலும் இறகும் வண்ணமும்

அக்காலத்தில் கடதாசி ஐரோப்பாவை எட்டவில்லை. கன்றுகளின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டி உலர்த்தி எழுதுதோல் ஆக்கினர். இந்த ஓர் ஏட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. துறவுமடம் ஒன்றின் செல்வமே கால்நடைதான் என்றிருந்த நாளில் அது எவ்வளவு பெரிய காணிக்கை என்பதை மாடு வளர்க்கும் நம் விவசாயக் குடும்பங்கள் நன்கறியும்.

வாத்து அல்லது அன்னத்தின் இறகே எழுதுகோல். ஓக் மரத்தின் காய்ப்புகளை ஊறவைத்து இரும்பு உப்புச் சேர்த்து மை தயாரிப்பது அக்காலத்து வழக்கம். ஈயத்தைச் சுட்டுப் பெற்ற செம்மஞ்சள், செம்பின் களிம்பாகிய பச்சை, தாளகமாகிய மஞ்சள், கடற்கரைப் பாறைகளில் படரும் பாசியினத்திலிருந்து எடுத்த ஊதா ஆகியவை வண்ணங்களாயின. இந்த ஏட்டின் ஆழ்ந்த நீலம், ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த விலைமதிப்பற்ற நீலக்கல்லின் பொடி என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லேசர் ஒளியைக்கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், அது செடியொன்றிலிருந்து பெறப்பட்ட சாதாரண அவுரி நீலமே என்று தெரியவந்தது. தொலைநாட்டுச் செல்வத்தைத் தேடாமல், தம் கைக்கு எட்டியவற்றைக் கொண்டே அந்த ஆயர் விண்ணக அழகைத் தீட்டியிருக்கின்றார்.

ஒவ்வொரு நற்செய்தியின் தொடக்கத்திலும் நற்செய்தியாளரின் உருவம் அமைந்துள்ளது. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளைக்கன்று, யோவானுக்குக் கழுகு என அடையாளங்கள் அருகே நிற்கின்றன. அடுத்து, கம்பளம் விரித்ததுபோல் முழுவதும் கோலங்களால் நிறைந்த பக்கம். பறவைகளும் விலங்குகளும் ஒன்றையொன்று கவ்விப் பின்னிச் செல்லும் அந்த முடிச்சுகளைச் சற்று நேரம் உற்றுநோக்கினால் நடுவே சிலுவை தெளிந்து வரும். மறைபரப்புநர் வருவதற்கு முன்னரே அம்மக்கள் தம் வாள்களிலும் அணிகலன்களிலும் செதுக்கிவந்த விலங்குக் கோலங்கள்தாம் இவை. எட்பிரித் அவற்றைப் புறந்தள்ளவில்லை. ஆண்டவரின் சிலுவைக்குள் அவற்றுக்கு இடமளித்தார். பண்பாட்டுமயமாதலைப் பற்றி இன்று நாம் கருத்தரங்குகளில் பேசுகின்றோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தூரிகையால் அதனைச் செய்து காட்டியிருக்கின்றார்.

பொன் எதற்கு?

"ஏழைகள் பசித்திருக்க ஏட்டுக்குப் பொன் எதற்கு?" என்ற கேள்வி எழுவது இயல்பு. இதனைத் திருச்சபையின் புனிதர்களே கேட்டிருக்கின்றனர். விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித எரோணிமுஸ், ஊதா நிறத் தோலில் பொன்னெழுத்துகளைப் பொறித்துவிட்டு, வாசலில் ஆடையின்றி இறக்கும் கிறிஸ்துவைக் காணாதிருப்போரைக் கடிந்துகொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித பெர்னார்து இதே குரலை எழுப்பினார். அவருடைய சிஸ்டேர்சியன் சபையில் தலைப்பெழுத்துகளுக்கு ஒரே வண்ணம்தான் என்று விதி வகுக்கப்பட்டது.

இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். திருவிழாவின் தோரணங்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் தாராளமாகச் செலவிடும் பங்கு, தன் எல்லைக்குள் இருக்கும் கைம்பெண்ணின் கூரை ஒழுகுவதை அறியாதிருந்தால், அந்த அழகு ஆண்டவருக்கு உகந்ததன்று. எனினும், அழகு முற்றாக வேண்டாம் என்பதும் விடையாகாது. எட்பிரித் மறைந்து சில ஆண்டுகளில் கிழக்கில் திருவுருவங்களை உடைக்கும் குழப்பம் எழுந்தது. அப்போது தமஸ்கு நகரப் புனித யோவான் திருவுருவங்களைக் காத்து நின்றார். கண்ணுக்குப் புலப்படாத கடவுள் மனிதராகி நம்மிடையே நடமாடியபின், அவரை வரைவதும் வண்ணத்தில் போற்றுவதும் தகும் என்பது அவருடைய வாதம். 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் இப்படிப்பினையை உறுதிசெய்தது. இறைவன் பொருளுலகை வெறுக்கவில்லை. அப்பத்தையும் இரசத்தையும் எண்ணெயையும் தண்ணீரையும் எடுத்தவர் அவர். தோலையும் மையையும் எடுக்கமாட்டாரா?

பல்லில் தங்கிய நீலம்

எட்பிரித்தின் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் ஏடு எழுதிய ஆயிரமாயிரம் கைகளின் பெயர்கள் மறைந்துபோயின. அவர்களுள் ஒருவரைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வொன்று என் உள்ளத்தைத் தொட்டது. ஜெர்மனியின் டால்ஹைம் என்னுமிடத்தில் முன்னர் இருந்த பெண்துறவிகளின் மடத்துக் கல்லறையிலிருந்து ஒரு பெண்ணின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அவர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, நடுத்தர வயதைக் கடந்து இறந்தவர். அவருடைய பற்களில் படிந்த காறையை ஆய்ந்தபோது அதில் நீலத்துணிக்கைகள் காணப்பட்டன. அவை மெய்யாகவே ஆப்கானிஸ்தானின் நீலக்கல். பொன்னுக்கு நிகரான அவ்வண்ணம் தேர்ந்த ஓவியர்களுக்கே கொடுக்கப்பட்டது. தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க அடிக்கடி உதட்டில் வைத்து எடுத்ததால் அது பல்லில் தங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அந்த மடம் பதினான்காம் நூற்றாண்டில் தீக்கிரையானது. அவர் தீட்டிய ஏடும் நம்மிடம் இல்லை. அவர் பெயரும் இல்லை. இறைவனுக்காகச் செய்த உழைப்பின் சுவடு மட்டும் அவருடைய உடலிலேயே எழுதப்பட்டிருந்தது. விறகடுப்பின் புகை கண்ணில் தங்கிய நம் அன்னையரையும், செபமாலை மணிகள் தேய்த்துத் தழும்பேறிய நம் பாட்டிமாரின் விரல்களையும் நினைத்துக்கொண்டேன். உலகம் பதிவுசெய்யாத உழைப்பை இறைவன் வாசிக்கின்றார்.

பேழையோடு நடந்தவர்கள்

793ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி, கடல்வழி வந்த வைக்கிங் கொள்ளையர் லிண்டிஸ்பார்ணைத் தாக்கினர். ஆலயம் சூறையாடப்பட்டது. துறவிகள் கொல்லப்பட்டனர். தாக்குதல்கள் தொடர்ந்தமையால் 875இல் எஞ்சியோர் தீவை விட்டு வெளியேறினர். அவர்கள் எடுத்துச் சென்றவை புனித கத்பேட்டின் உடல் வைத்த பேழை, வேறு சில புனிதரின் எலும்புகள், நற்செய்தி ஏடு ஆகியவையே. ஏழு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தனர்.

அயர்லாந்துக்குக் கடல் கடக்க அவர்கள் முயன்றபோது பெரும்புயல் எழுந்து, பொன்னும் மணியும் பதித்த நற்செய்தி ஏடு கடலில் விழுந்ததாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேர்ஹாம் துறவி சிமியோன் எழுதிவைத்துள்ளார். மனமுடைந்து கரைக்குத் திரும்பினர். பின்னர் வழமைக்கு மாறாகக் கடல் நெடுந்தூரம் வற்றியபோது, ஏடு பழுதின்றி மணலில் கிடந்தது என்பது அவர் தரும் செய்தி. அது இந்த ஏடே என்று மரபு கருதுகின்றது. அவர்கள் 883இல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்னும் ஊரில் தங்கினர். 995இல் பேழையும் ஏடும் டேர்ஹாமை அடைந்தன.

இடம்பெயர்தலின் பொருளை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படும் அந்த இரவில் எதை எடுப்பது, எதை விடுவது என்று திகைத்து நின்ற குடும்பங்கள் நம்முடையவை. வன்னியில் முதிய தாய் ஒருவர், நிவாரணத் தறப்பாளுக்குள் தம் குடும்ப விவிலியத்தை எனக்குக் காட்டினார். அதன் முன்பக்கத்தில் நான்கு தலைமுறையின் பிறப்பும் திருமுழுக்கும் எழுதப்பட்டிருந்தன. மழையில் ஊறி மை பரவியிருந்தது. "நகைப் பெட்டியை விட்டிட்டு வந்திட்டம், சுவாமி. இதை விட மனம் வரேல்லை" என்றார். 875இல் பேழையோடு நடந்தவர்களின் மரபில் வந்தவர் அவர்.

இது பழங்கதையன்று. 2014இல் ஈராக்கின் கரகோஷ் நகரை ஆயுதக்குழு நெருங்கியபோது, தொமினிக்கன் துறவி நஜீப் மிக்காயேல் பழைமையான கையெழுத்து ஏடுகளை வாகனங்களில் ஏற்றி, தப்பியோடிய மக்களோடு எர்பில் நகருக்குக் கொண்டுசென்று காத்தார். அவரே 2019இல் மோசூலின் கல்தேயப் பேராயராகப் பொறுப்பேற்றார்.

வரிகளுக்கிடையே எழுந்த மொழி

இனி, இந்த ஏட்டின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த நிகழ்வுக்கு வருகின்றேன். எட்பிரித் எழுதியது இலத்தீன். ஏறத்தாழ 250 ஆண்டுகளின் பின், பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் வாழ்ந்த அல்ட்ரெட் என்ற குரு ஒரு துணிவான செயலைச் செய்தார். அந்த அழகிய இலத்தீன் வரிகளுக்கிடையே, ஒவ்வொரு சொல்லின் மேலும், சிறிய எழுத்தில் தம் மக்களின் மொழியில் பொருள் எழுதினார். நான்கு நற்செய்திகளுக்கும் ஆங்கிலத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய மொழிபெயர்ப்பு அதுவே.

கலைக்கண்ணோடு பார்ப்பவர்க்கு, ஒப்பற்ற பக்கங்களின் மேல் கிறுக்கியதுபோல் அது தோன்றக்கூடும். அல்ட்ரெட் அறிந்திருந்தது வேறு. மக்களுக்கு விளங்காத அழகு பாதி ஒளியே தரும். ஏட்டின் இறுதியில் அவர் குறிப்பொன்றையும் சேர்த்தார். எழுதியவர் எட்பிரித், கட்டமைத்தவர் அவருக்குப்பின் ஆயரான எதல்வால்ட், பொன்னாலும் மணிகளாலும் மேலட்டையை அணிசெய்தவர் தனிமைத்துறவி பில்பிரித் என்று நன்றியோடு பெயர்களைப் பதிந்தார். தம்மையோ தகுதியற்ற எளிய குரு என்று குறிப்பிட்டுக்கொண்டார். அவர் எழுதியிராவிட்டால் இந்த ஏட்டை எழுதியவர் எட்பிரித் என்பதையும் நாம் அறிந்திருக்கமாட்டோம். பில்பிரித்தின் பொன்னட்டை காலப்போக்கில் காணாமற் போயிற்று. அல்ட்ரெட்டின் சிறிய எழுத்துகள் நிலைத்துநிற்கின்றன.

நம் மண்ணிலும்

இந்த இடத்தில் நம் திருச்சபையின் வரலாறு நினைவுக்கு வராமற் போகாது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் துரத்தப்பட்டனர். 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய புனித யோசேவ் வாஸ் அடிகளைத் தொடர்ந்து, 1705இல் இத்தீவுக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1742இல் இறக்கும்வரை அவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவருடைய நூல்கள் ஓலையில் எழுத்தாணியால் பிரதிசெய்யப்பட்டு மக்களிடையே பரவின. பொன்னும் நீலமும் இல்லாத அந்த ஓலைகளும் ஒளியேற்றப்பட்ட ஏடுகளே. மறைந்து வாழ்ந்த விசுவாசிகளுக்கு அவை ஒளி தந்தன.

ஏடு அழியும் துயரத்தையும் நாம் அறிவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பதை நம் மூத்தோர் இன்றும் கண்கலங்கிக் கூறுவர். ஏட்டோடு தம் உயிரும் பிணைந்திருந்த குரு அவர்.

நாம் எழுதவேண்டிய ஏடு

அன்பார்ந்த குடும்பத்தவர்களே, நம் வீடுகளில் விவிலியம் இல்லாமல் இல்லை. கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது, கைத்தொலைபேசியிலும் இருக்கின்றது. நூறு கன்றுகளின் தோலும் பத்தாண்டு உழைப்பும் கேட்ட நூல், இன்று விரல்நுனியில் விலையின்றிக் கிடைக்கின்றது. எளிதில் கிடைத்ததாலேயே அதன் அருமை நம்மிடம் குறைந்துவிட்டதோ என அஞ்சுகின்றேன்.

ஆகவே சிறு பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கின்றேன். குடும்பமாக ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் மாற்கு நற்செய்தியை நாளுக்குச் சில வசனங்களாகக் கையால் எழுதுங்கள். ஒருநாள் தந்தை, ஒருநாள் தாய், ஒருநாள் பிள்ளை. சிறுவர்கள் ஓரங்களில் பூவும் பறவையும் தீட்டட்டும். கை மெதுவாகச் செல்லும்போது, கண் தாண்டிச் சென்ற சொல் உள்ளத்தில் தங்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெனடிக்டின் சபையினரின் புனித யோவான் மடம் 1998இல் இத்தகைய முயற்சியொன்றைத் தொடங்கியது. எழுத்துக்கலைஞர் டொனால்ட் ஜாக்சனின் தலைமையில், கன்றுத்தோலில் இறகாலேயே முழு விவிலியமும் எழுதப்பட்டு 2011இல் நிறைவுற்றது. நம் கொப்பிக்கு அந்தச் சிறப்பு வேண்டியதில்லை. நம் பேரப்பிள்ளைகள் அதனைத் திறக்கும்போது எங்கள் கையெழுத்தில் ஆண்டவரின் வாழ்வை வாசிப்பார்களானால் அதுவே போதும்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனிடம் இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொன்னேன். வார்த்தை மனிதரானார், அதனால்தான் தொட்டு முத்தமிடக்கூடிய அளவுக்கு அவர் நம்மருகே வந்தார் என்றும், இந்தப் புத்தகத்தை நம் கைகளில் சேர்க்கப் பலர் கண்ணும் முதுகும் தேய உழைத்தார்கள், சிலர் உயிரும் கொடுத்தார்கள் என்றும் விளக்கினேன். கூர்ந்து கேட்டிருந்தவன் இறுதியில் ஒரு கேள்வி கேட்டான்.

"இப்ப அந்தப் புத்தகத்தை ஆர் சுவாமி கொஞ்சுறவை?"

"ஒருவரும் இல்லை. அது இலண்டனிலே நூலகத்திலே காவலோடு இருக்கு. தொட ஏலாது."

"பாவம்" என்றான் அவன்.

எத்தனையோ புயலைக் கடந்து வந்த அந்த ஏட்டின் பணி நிறைவுற்றது. அது இனி ஓய்வெடுக்கலாம். நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் நற்செய்திக்கோ ஓய்வு இன்னும் வரவில்லை. இன்றிரவு செபமாலை முடிந்ததும் அதனை எடுத்துத் திறப்போம். ஒரு பகுதியை உரத்து வாசித்து, பிள்ளைகளின் கையில் கொடுத்து, அவர்களும் முத்தமிடச் செய்வோம். வார்த்தையான ஆண்டவர் நம் இல்லங்களை ஒளியால் நிரப்புவாராக. ஆமென்.